தூரமும் தெளிவும்
கேமரா வந்த வழியும், நாம் கேமரா வாங்கும் வழியும்



பரிசளிப்பு விழா என்றாலே நமக்கெல்லாம் ஒரு தனி உற்சாகம். பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டவுடன், பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார் எழுந்து நின்று கைத்தொலைபேசியைத் தலைக்கு மேல் தூக்குகிறார். "கொஞ்சம் குனிங்க அண்ணே, மறைக்குது!" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. இரண்டு விரலால் திரையை விரித்து மேடையைக் கிட்ட இழுத்து, ஒரு படம் எடுத்தும் விடுகிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பரிசுக் கோப்பை தெரிகிறது, மாலை தெரிகிறது, பிள்ளையின் முகம் மட்டும் மாவு பூசியது போல் மங்கிக் கிடக்கிறது. "இதுல எம்புள்ள எது?" என்று பாட்டி கேட்கிறார்.

இதற்குப் பிறகுதான் பலர் கேமராக் கடைப் பக்கம் போகிறார்கள். "சின்னதா இருக்கணும், தூரத்துல உள்ளதையும் எடுக்கணும், படமும் பளிச்சுன்னு இருக்கணும்" என்பதே எல்லாரும் கேட்பது. நியாயமான ஆசைதான். ஆனால் சிறிய உருவம், நீண்ட தூரம், துல்லியமான தெளிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் மூன்று கயிறுகள். ஒன்றைத் தளர்த்தாமல் மற்றொன்றை இறுக்க முடியாது. கேமரா பிறந்த நாளிலிருந்து நடந்து வரும் போராட்டம் இது. அந்த வரலாற்றைச் சற்றே தெரிந்து கொண்டால் கடையில் ஏமாற மாட்டோம். அதோடு, தோட்டத்து மக்களாகிய நமக்கு ஒரு நல்ல கேமரா ஏன் அவசியம் என்பதும் விளங்கும்.

கண்ணாடித் தகடும் கல்வெட்டும்

1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் டாகுவேர் என்பவர் கண்டுபிடித்த முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும் முறை அது. அன்றைய கேமரா ஒரு மரப் பெட்டி. முக்காலி, தகடுகள், மருந்துக் குப்பிகள் என்று மூட்டை மூட்டையாய்ச் சாமான்களும் கூடவே போக வேண்டும். உருவமோ பெரியது, தூரத்தை இழுக்கும் வசதியோ கிடையாது. ஆனால் தெளிவு மட்டும் அபாரம்.

அந்தத் தெளிவால் தமிழுக்கு ஒரு பெரிய நன்மை விளைந்தது. சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார அதிகாரி, 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சுற்றிப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்லில் வெட்டிய எழுத்தைக் காகிதத்தில் வாசிக்கலாம்! கடாரம் என்ற நமது கெடா, ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம் பெற்றிருப்பதும் அந்தத் தஞ்சைக் கோவில் கல்வெட்டுகளில்தான். எழுத்து தெரியும்படி எடுப்பதுதான் தெளிவு. இந்த ஒரு சோதனையை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது இது நமக்கு உதவும்.

நிற்க. மலாயாவிலும் கேமரா வெகு சீக்கிரம் வந்து விட்டது. சுமத்திராவில் மேடான் நகரில் ஸ்டூடியோ வைத்திருந்த கிளைன்குரோத்தே என்ற ஜெர்மானியர், 1907 வாக்கில் மலாயாவைப் பற்றிய ஒரு பெரிய படத்தொகுப்பை வெளியிட்டார். அது நீரிணைக் குடியேற்றங்களையும் கூட்டு மலாய் மாநிலங்களையும் பற்றியது. கெடா அப்போது சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909-இல்தான் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அதன்பின் ரப்பர்த் தோட்டங்கள் இங்கும் பெருகின. நம் பாட்டன், பூட்டன் கங்காணிகளின் பின்னால் கப்பலேறி வந்தார்கள்.

அந்தக் காலத்துத் தோட்டப் படங்களை நீங்கள் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். மரம் இருக்கும், துரை வீடு இருக்கும், ஸ்டோர் இருக்கும். வாளியோடு நம்மவர்களும் நிற்பார்கள். படத்தின் அடியில் பெரும்பாலும் 'ரப்பர் மரம் வெட்டும் தமிழர்' என்ற மாதிரி ஒரு வரிதான். அந்த மனிதருக்குப் பெயர் இல்லையா? இருந்தது. கேட்டு எழுத ஆள் இல்லை. கேமரா நம் கையில் இல்லை, அதுதான் காரணம்.

சட்டைக்குள் புகுந்த கேமரா

கேமராவைச் சிறிதாக்கிய பெருமை அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மனைச் சேரும். 1888-இல் அவர் விற்ற கோடக் கேமராவில் 100 படங்களுக்கான சுருள் உள்ளேயே இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900-இல் ஒரே ஒரு டாலருக்குப் 'பிரௌனி' கேமரா வந்தது. 1912-இல் சட்டைப்பையில் போடும்படி மடங்கும் கேமரா வந்தது. 1925-இல் ஜெர்மனியின் லைக்கா விற்பனைக்கு வந்து, 35 மில்லிமீட்டர் பிலிமை உலகெங்கும் பரப்பியது.

கேமரா சிறிதாய் இருப்பதன் அருமை எப்போது தெரியும்? பெரியவர்கள் மறக்க முடியாத சயாம் மரண ரயில் காலத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அந்தப் பாதையில் வேலை செய்த போர்க் கைதிகளில் ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாயும் ஒருவர். அவர் ஒரு சிறிய மடக்குக் கோடக் கேமராவை ஒளித்து வைத்திருந்தார். பிலிம் கிடைக்காதபோது எக்ஸ்ரே பிலிமைப் பயன்படுத்தினார். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் சாங்கியிலும் ரயில் பாதை முகாமிலும் படம் எடுத்தார். பின்னர் சோதனைக்குப் பயந்து கேமராவைத் தாமே அழித்தார். படங்கள் தப்பிப் பிழைத்தன. வெள்ளைக்காரக் கைதிகள் எலும்பும் தோலுமாய் நின்ற கோலத்தை உலகம் இன்றும் பார்ப்பது அப்படிப்பட்ட படங்களால்தான்.

அதே பாதையில், அதே மழையில், அதே காலராவில் மாண்ட நம்மவர்களிடம் கேமரா எங்கே இருந்தது? தோட்டத்து வீடுகளில் மிஞ்சியது வாய்வழிக் கதைதான். "உங்க தாத்தாவ சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க" என்ற ஒரு வரி. முகம் இல்லை.

போலீசுக்காக எடுத்த முதல் படம்

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்து கொண்டு அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கார்டில் படமும் பெருவிரல் ரேகையும் இருந்தே ஆக வேண்டும். லயத்தில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பேருக்கு வாழ்க்கையில் முதன்முதலாகப் படம் எடுக்கப்பட்டது இதற்காகத்தான். கல்யாணத்துக்கு எடுக்காத படம், குழந்தை பிறந்தபோது எடுக்காத படம், சாலையில் போலீஸ்காரர் நிறுத்தினால் நீட்டுவதற்காக எடுக்கப்பட்டது!

உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டியின் சின்ன வயதுப் படம் ஒன்று இருந்தால், அது தபால் தலையை விடச் சற்றே பெரிதாக, நேராக முறைத்துப் பார்க்கும் படமாக இருக்கக்கூடும். பாவம், சிரிக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகுதான் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் பட்டணங்களின் ஸ்டூடியோக்களுக்குச் சம்பளத்துக்கு மறுவாரம் குடும்பத்தோடு போகும் பழக்கம் வந்தது. பின்னால் திரையில் வரைந்த மாளிகையும் படிக்கட்டும். முன்னால் கடன் வாங்கிக் கட்டிய பட்டுப்புடவை. தோட்டமும் லயமும் பெரட்டுக்களமும் அந்தப் படங்களில் வரவே இல்லை. நாம் நன்றாக இருப்பதாகக் காட்ட ஆசைப்பட்டோம். நாம் வாழ்ந்த இடம் படத்திலிருந்து நழுவிப் போனது.

தூரத்தைக் கிட்ட இழுத்த கண்ணாடி

இனி தூரத்தின் கதைக்கு வருவோம். 1891-இல் இங்கிலாந்தின் டால்மேயர் என்பவர் தொலைதூரப் படம் எடுக்கும் லென்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது ஒரே தூரத்துக்குத்தான். கிட்டவும் தூரவும் மாற்றி மாற்றி இழுக்கும் 'சூம்' லென்ஸ் சாதாரணப் புகைப்படக் கேமராவுக்கு 1959-இல்தான் வந்தது. ஃபோக்ட்லாண்டர் கம்பெனியின் அந்தச் 'சூமார்' 36-லிருந்து 82 மில்லிமீட்டர் வரைதான் இழுத்தது.

1977-இல் தானே குறி பார்த்துக் கொள்ளும் முதல் கேமராவைக் கோனிக்கா விற்றது. 1986-இல் பென்டக்ஸ் கம்பெனி, சூம் லென்சை உள்ளேயே வைத்த சிறிய கேமராவைக் கொண்டு வந்தது. அதன் எல்லை 70 மில்லிமீட்டர். 1994-இல் நிக்கோன், கை நடுக்கத்தைச் சரி செய்யும் சிறிய கேமராவை வெளியிட்டது. தூரம் கூடக் கூட நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பதை அவர்கள் புரிந்து கொண்டார்கள். நீளமான கம்பின் நுனியில் கத்தியைக் கட்டிச் செம்பனைக் குலை வெட்டும் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கையில் ஓர் அங்குலம் அசைந்தால் நுனியில் எவ்வளவு அசையும் என்பது அவர்களுக்குத் தெரியும்!

பிலிம் போய் சில்லு வந்தது

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்ற இருவர், ஒளியை மின்சாரமாக்கிச் சேர்த்து வைக்கும் சில்லுக்கு வழி கண்டார்கள். அதற்காக 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975-இல் கோடக் கம்பெனியின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை 3.6 கிலோ. படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள்தான். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. பிலிம் விற்று வாழ்ந்த கோடக், தன் வீட்டில் பிறந்த பிள்ளையைத் தானே நன்றாக வளர்க்கவில்லை. 2012-இல் அந்த மாபெரும் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிற்று.

மற்றவர்கள் ஓடினார்கள். 1995-இல் காசியோ, முதுகில் சிறு திரை வைத்த கேமராவைக் கொண்டு வந்தது. 2002-இல் பேனசோனிக் 12 மடங்கு சூமும் நடுக்கத் தடுப்பும் உள்ள கேமராவை வெளியிட்டது. 2006-இல் அதே கம்பெனி 10 மடங்கு சூமைப் பைக்குள் அடங்கும் உருவத்தில் தந்தது. 2015-இல் நிக்கோனின் பி900 கேமரா 83 மடங்கு இழுத்தது. சந்திரனின் பள்ளங்களை வீட்டு வாசலில் நின்று பார்க்கலாம். ஆனால் எடை ஏறத்தாழ 900 கிராம். பையில் போடும் கேமரா என்று அதைச் சொல்ல முடியுமா? 2018-இல் வந்த கேனன் எஸ்எக்ஸ்740 ஏறத்தாழ 300 கிராமில் 40 மடங்கு தந்தது.

ஒரு செய்தியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கேமராச் சில்லும் கணினிச் சில்லும் ஒரே சிலிக்கான் குடும்பம். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது முதல் அவ்வகைத் தொழில் நம் மாநிலத்திலேயே நடக்கிறது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வெள்ளை அங்கி போட்டு வேலை பார்க்கிறார்கள். கேமராவின் உள்ளே இருப்பது நமக்கு எட்டாத மாயம் ஒன்றும் இல்லை.

மங்கைக் கூட்டினால் பால் கூடுமா?

இப்போது கயிறு இழுக்கும் போட்டியைப் பார்ப்போம். கேமராவின் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒளியைப் பிடிக்கும் ஒரு மங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். கட்டங்களின் எண்ணிக்கையைத்தான் 'மெகாபிக்சல்' என்கிறார்கள். பத்து லட்சம் கட்டம் ஒரு மெகாபிக்சல்.

கடைக்காரப் பையன் சொல்வான்: "அண்ணே, இது 20 மெகாபிக்சல்ண்ணே! அது 12தான்." கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே மரத்தில் ஒரு மங்குக்குப் பதில் நாலு மங்கு கட்டினால் பால் நாலு மடங்கு வருமா? மரம் கொடுக்கிறதுதானே வரும்! அதே போல் சில்லின் பரப்பு எவ்வளவோ அவ்வளவு ஒளிதான் விழும். சிறு சில்லில் கட்டங்களை நெருக்கினால் ஒவ்வொரு மங்கிலும் சொட்டுச் சொட்டாகத்தான் ஒளி சேரும். வெயிலில் தெரியாது. மண்டபத்துக்குள் போனதும் படம் முழுக்கப் பொரிப்பொரியாய்க் கிளம்பும். அதை மறைக்கக் கேமரா தானே தடவித் தடவி வழவழப்பாக்கும். அதுதான் நாம் முதலில் பார்த்த 'மாவு முகம்'.

சிறிய கேமராக்களில் இரண்டு வகைச் சில்லுகள் முக்கியம். 40 மடங்கு, 30 மடங்கு சூம் உள்ளவற்றில் இருப்பது சுமார் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லு. பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். 'ஒரு அங்குலம்' என்று பெயர் வைத்த மற்றொன்று 13 மில்லிமீட்டர் அகலம். பரப்பு 116 சதுர மில்லிமீட்டர். பெயர்தான் அங்குலம், அளவு அங்குலம் இல்லை! ஆனாலும் நாலு மடங்கு பெரியது. பெரிய சில்லுக்குப் பெரிய கண்ணாடி வேண்டும். ஆகையால் பைக்குள் அடங்க வேண்டுமென்றால் சூமைக் குறைத்தாக வேண்டும். பேனசோனிக் 2016-இல் வெளியிட்ட டிஇசட்100 இந்தச் சில்லோடு 10 மடங்கு தந்தது. 2018-இல் வந்த டிஇசட்200 அதை 15 மடங்காக்கியது. 40 எங்கே, 15 எங்கே? தூரத்தைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்துத் தெளிவை வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. சூமை இழுக்க இழுக்க லென்சின் வாசல் ஒடுங்கி ஒளி குறையும். விரல் நுழையும் சந்து வழியாக ஆற்றைப் பாய்ச்ச முடியாதல்லவா?

கடையில் நாம் பார்க்க வேண்டியவை

1. மடங்கை மட்டும் பார்க்காதீர்கள். '10 எக்ஸ்' என்பது அகலமான எல்லைக்கும் நீளமான எல்லைக்கும் உள்ள விகிதம் மட்டுமே. 2000-இல் வந்த ஒலிம்பஸ் சி2100 கேமரா 38-லிருந்து 380 வரை. அதுவும் 10 மடங்கு. மேலே சொன்ன டிஇசட்100, 25-லிருந்து 250 வரை. இதுவும் 10 மடங்கு. இரண்டும் ஒரே தூரமா போகும்? ஆகவே, "கடைசி எண் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள்.

2. எவ்வளவு தூரம் நமக்கு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். மாணவர்களே, இது உங்கள் கணக்குப் பாடம்தான். 36-ஐக் கடைசி எண்ணால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால், படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும். மேடை 20 மீட்டர் தூரம், லென்ஸ் 250 என்றால் கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம் அடங்கும். பரிசு தருபவரும் பிள்ளையும் நிற்க அது போதும். திடலில் 100 மீட்டர் தூரத்தில் ஓடும் பிள்ளைக்கு அதே 250-இல் 14 மீட்டர் அடங்கும். பிள்ளை எறும்பாய்த் தெரியும். 720 வரை போகும் லென்சானால் 5 மீட்டர்தான், முகம் தெரியும். ஆகவே மண்டபத்துக்குப் பெரிய சில்லும் அளவான சூமும்; திடலுக்கும் மரத்து உச்சிப் பறவைக்கும் நீண்ட சூம். எது உங்களுக்கு அடிக்கடி வேண்டுமோ அதை வாங்குங்கள்.

3. 'டிஜிட்டல் சூம்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது பாலில் தண்ணீர் கலப்பது மாதிரி. வாளி நிறையும்; ஸ்டோரில் சோதனை போட்டால் குட்டு வெளிப்படும். கண்ணாடி இழுக்கும் சூம்தான் உண்மையான சூம். கைத்தொலைபேசியில் விரலால் விரிப்பதிலும் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்க் கலப்புதான். கிட்டத்தில் இருப்பவரை எடுக்கத் தொலைபேசியே தாராளம். அதற்காகத் தனிக் கேமரா வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

4. மெகாபிக்சலுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். ஆல்பத்துக்கு 6 அங்குலம் 4 அங்குலப் படம் நன்றாக அச்சிட இருபத்திரண்டு லட்சம் புள்ளிகளே போதும். இந்த மலரின் ஒரு முழுப் பக்க அளவுக்குக்கூட எண்பத்தேழு லட்சம்தான் வேண்டும்.

5. நடுக்கத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 720-இல் கையில் பிடித்து எடுக்க, விநாடியில் 720-இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும் என்பது பழைய விதி. நடுக்கத் தடுப்பு அந்தப் பாரத்தைக் குறைக்கும். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது!

6. வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு ஜன்னல் இருந்தால் திடலில் பெரிய உதவி. கேமராவை முகத்தோடு அணைத்துப் பிடிப்பதால் நடுக்கமும் குறையும்.

7. கடைசியாக, தஞ்சாவூர்ச் சோதனை. கடை வாசலில் நின்று எதிர்வரிசைக் கடையின் பெயர்ப்பலகையை முழுச் சூமில் எடுங்கள். திரையில் பெரிதாக்கி, சின்ன எழுத்தை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைக்குள்ளே மங்கலான மூலையில் இன்னொரு படம் எடுங்கள். பெட்டியில் உள்ள எண் சொல்லாததை அந்த இரண்டு படம் சொல்லிவிடும். பழைய கேமராவானால் லென்சை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே சிலந்தி வலை போல் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது சீக்கிரம் படரும். வாங்கிய பிறகும் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

வாங்கிய பின் எதைப் படம் பிடிப்பது?

"இவ்வளவு யோசிச்சு வாங்கி, பொறந்தநாள் கேக்கத்தானே எடுக்கப் போறோம்!" என்று சிலர் சிரிக்கலாம். கேக்கையும் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள்.

நமது பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோவில் அடித்தளங்களை 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் மனைவி டோரதியும் தோண்டி ஆராய்ந்தார்கள். இடங்களுக்கு எண் கொடுத்து 1940-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 8-ஆம் எண் கொண்ட புக்கிட் பத்து பாஹாட் கோவில் 1960 வாக்கில் சீரமைக்கப்பட்டு, இன்று மெர்போக் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் நிற்கிறது. சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த 11-ஆம் எண் கோவில் என்ன ஆயிற்று? வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது அது இடிக்கப்பட்டு விட்டது என்று 2013-ஆம் ஆண்டு இறுதியில் செய்தி வெளிவந்தது. நாடே அதிர்ந்தது. ஆயிரம் ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய செங்கல், இயந்திரத்தின் முன் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி மக்களுக்கு எடுத்துக்காட்ட மிஞ்சியவை முன்பு எடுத்த படங்களும் வரைந்த வரைபடங்களும்தான்.

அவ்வளவு பழைய கோவிலுக்கே இந்தக் கதி என்றால், நம் லயத்துக்கு எம்மாத்திரம்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்து விட்டன. பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, மணி தொங்கிய மரம், பழைய பள்ளிக்கூடம் எல்லாம் எந்த எண்ணிலும் பதியப்படாதவை. அவற்றுக்கு ஆராய்ச்சியாளர் வரமாட்டார். கையில் கேமரா வைத்திருக்கும் நாம்தான் அவற்றுக்கு ஆராய்ச்சியாளர்.

ஆகவே பெரியவர்களை அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே நிறுத்திப் படம் எடுங்கள். பால் வெட்டிய கையைக் கிட்டப் போய் எடுங்கள். ஏற முடியாத கூரை, அடைக்கப்பட்ட வேலிக்கு அப்பால் நிற்கும் பழைய கட்டடம், கோவில் கோபுரத்துச் சிற்பம் இவற்றுக்குச் சூமைப் பயன்படுத்துங்கள். எடுத்த படத்தைக் கார்டிலேயே விட்டுவிடாதீர்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். நல்லவற்றை அச்சிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சிட்ட படத்தின் பின்னால் பேனாவை எடுத்து எழுதுங்கள்: யார், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த ஆண்டு. நூறு ஆண்டுக்கு முன் நம்மவர்களைப் படம் எடுத்தவர்கள் செய்யத் தவறியது அந்த ஒரு வரிதான். நல்ல லென்ஸ் முகத்தைத் தெளிவாக்கும். அந்த முகம் யாருடையது என்பதை எந்த லென்சும் சொல்லாது; நாம் எழுதினால்தான் உண்டு.

மாணவச் செல்வங்களே! இந்த விடுமுறையில் வீட்டில் கேமரா இருந்தாலும் சரி, கைத்தொலைபேசிதான் இருந்தாலும் சரி, உங்கள் பாட்டியிடமிருந்து தொடங்குங்கள். இந்த முறை அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!